செத்தால் கை மாறும்

சங்கிலி தரையில் கிலுகிலுவென்று இழுபடும், சட்டென்று நிற்கும், அப்புறம் கோடாலி இறங்கும். ஸ்ரீவராகத்தில் எங்கள் பின்தெருவில் பிஜு சேட்டன் நடத்திய கேம் கடையில், அக்காவும் நானும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஆடிய வாள்சண்டை கேமின் கடைசி எதிரி எழுப்பும் சத்தம் அது.

பிள்ளைகளே, அவனைத் தடுக்க இரண்டு வழி இருந்தது. கேடயம் என்றால், அவன் ஓங்கும்போதே பொத்தானை அமுக்கிப் பிடித்தால் போதும். நமக்கு அடி விழாது, அவனுக்கும் ஒன்றும் ஆகாது. வாள் என்றால், கோடாலி மேலே படப்போகும் அந்த நொடியில் தட்டவேண்டும். சரியாகத் தட்டினால் அவன் தடுமாறுவான், வெட்டலாம். பிசகினால் நம் கதை முடிந்தது. நான் கோடாலியைப் பார்த்துக் கேடயம் பிடிப்பேன். அக்கா, சங்கிலி நிற்பதைக் காதால் கேட்டு வாளைத் தட்டுவாள்.

"நீ பாக்க, நான் கேக்கேன். அதாம்லே வித்தியாசம்" என்பாள்.

கையில் பிடித்து ஆடும் பொத்தான் கட்டையை "ரிமோட்" என்போம். அது ஒன்றுதான். "செத்தா கை மாறணும்" என்பது எங்கள் சட்டம்.

அக்கா நர்சிங் படிக்க மங்களூர் போவதற்கு முந்தின நாள், அவனை முடித்தே தீருவது என்று போனோம். முதலில் ஆடிய அக்கா அவன் உயிரைக் கால்வாசிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் செத்தாள். "அடுத்த தடவ விழுந்துருவான், பாரு" என்று ரிமோட்டைத் தந்தாள்.

நான் கேடயத்தைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"லே, வாளை எடு."

எடுக்கவில்லை.

"சீக்கிரம் செத்துத் தொலைலே மக்கா" என்று சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. ரிமோட்டைக் கொடுத்திருக்கலாம். சட்டம் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். பயமா, வேறு ஏதாவதா, இன்றுவரை தெரியாது.

"சமயம் கழிஞ்ஞு, மக்களே" என்று, எங்கள் ஒரு மணி நேரம் முடிந்ததும் சேட்டன் டிவியை அணைத்தார்.

வீட்டில், ஓட்டலில் சமையல் வேலை முடித்து வந்திருந்த அப்பா, "டிவிப்பெட்டிக்குள்ளயே குடிபோயிட்டியளோன்னு நெனச்சேன்" என்றார். அக்கா பெட்டியில் துணி அடுக்கினாள். காலையில் ரயில் போனது. நான் அழுததாக நினைவில்லை.

உங்கள் அத்தை இப்போது வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுகளில் போன் வரும். சாப்பாடு, மழை, உடம்பு என்று பேசுவோம். அந்த கேமைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. சேட்டனின் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். நீங்கள் ஆடும் கேமில் தடுக்கவேண்டிய நொடிக்கு வெளிச்சம் மின்னிச் சொல்லிவிடுகிறது, காதுக்கு வேலையில்லை.

எங்கள் ஆட்டம் பதிந்த மெமரி கார்டு என் மேசை டிராயரில் கிடக்கிறது. செருகிப் பார்க்க மெஷின் இல்லை. அதற்குள் நாங்கள் இன்னும் அந்தக் கடைசி எதிரியின் கதவுக்கு வெளியே நிற்கிறோம். அன்று நான் சாகவில்லை. எங்கள் சட்டப்படி இன்னும் என் முறைதான்.