சிறுமூளைக்குள் ஒரு கடல் விசிறி

கொப்புளிப்பான் அம்மை ஆறி, வேப்பிலைத் தண்ணீரில் என்னைக் குளிப்பாட்டி ஒரு கிழமை இருக்கும். காலையில் பாயை விட்டு எழும்பி வாசலுக்குப் போனவன் சுவரில் போய் மோதினேன். தேநீர்க் கோப்பைக்குக் கை நீட்டினால், கை அதைத் தாண்டிப் போய்த் தட்டிவிட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. சிரிப்பாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்து அம்மாவிடம் கேட்டார். "பொடியன் என்னடி கள்ளுக் குடிச்சவன் மாதிரி நடக்கிறான்? அம்மை போட்டு அம்மாள் வீட்டில நிக்கேக்க நீ மீன் பொரிச்சனியெல்லோ! மணம் என்ர குசினிவரைக்கும் வந்தது. அவ சும்மா விடுவாவே?"

பொரித்தது உண்மை. அப்பா இறந்தபின் அம்மா கருவாட்டு வாடியில் வேலை செய்தார். சில நாட்களில் கூலியை மீனாகவே கொடுப்பார்கள். அன்று வீட்டில் வேறெதுவும் இருக்கவில்லை.

அம்மா நிலத்தில் குந்திவிட்டார். "நான்தான் பிள்ளையைக் கெடுத்துப்போட்டன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கடலுக்கடியில் சுழியோடிக் கடலட்டை பிடிப்பவர், இனிக் குடிப்பதில்லை என்று அந்த வருஷம்தான் கோயிலில் சத்தியம் செய்திருந்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேலிக்கு மேல் நின்ற தலையையும் பார்த்தார்.

"அக்கா, மீனுமில்லை கீனுமில்லை. நான்தான் இவனுக்குக் கள்ளுக் குடுத்தனான். பகிடிக்கு."

அம்மா எழும்பி விளக்குமாற்றால் விளாசினார். "எட்டு வயசுப் பிள்ளைக்கோ! இனி இந்தப் படலைக்குள்ள கால் வையாதை!"

நான் கள்ளை நாக்கில் வைத்ததே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், பேச்சுக் குழறியது. குழறலே சாட்சியாகிவிட்டது.

"வெறி முறிய ஊசி போட்டுக்கொண்டு வாறன்" என்று மாமா என்னைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டொக்டர் ஓர் இளம் பெண். மூக்கைத் தொடச் சொன்னார். நான் கன்னத்தைத் தொட்டேன்.

"கள்ளு ஏதும் குடுத்தனீங்களோ?"

"சத்தியமா இல்லை, டொக்டர்."

நான் மாமாவையே பார்த்தேன். காலையில் ஒரு கதை, மத்தியானம் ஒரு கதை.

ஸ்கான் எல்லாம் எடுத்தபின், கொப்புளிப்பானுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குச் சிறுமூளை இப்படி வீங்கும் என்றார் டொக்டர். அநேகமாகத் தானாகவே மாறுமாம். என் அழுகையை நிறுத்தத் தன் போனில் ஒரு படம் காட்டினார். கறுப்புப் பின்னணியில், தட்டையாக, கிளைக்குள் கிளையாக விரிந்து ஏதோ நின்றது.

"உது கடல் விசிறியெல்லோ!" என்றார் மாமா. "புறாமலைக் கடலடிப் பாறையில செடி மாதிரி விரிஞ்சு நிக்கும்."

"இது எங்கட தலைக்குள்ள நிக்கிறது, அண்ணை. நரம்புக் கலம், 'செல்' எண்டு சொல்லுறது. கை எங்க போய் நிக்கவேணுமெண்டு பார்க்கிறது இதுதான்." விசிறியை ஒட்டி நின்ற மெல்லிய தும்புகளைத் தொட்டார். "இதுகள் கிளியாக் கலங்கள். விசிறிக்குச் செய்தி வாற இடங்களைப் பொத்திக்கொண்டு நிக்கும். செய்தி கொண்டுவந்த இரசாயனம் மிஞ்சினா உறிஞ்சி எடுக்கும். எடுக்காட்டி விசிறி கத்திக் கத்தியே செத்துப்போகும்."

"அப்ப இதுகள் ஊமையோ?" என்றார் மாமா.

"அப்பிடித்தான் கனகாலம் நினைச்சவை. இல்லை, இதுகளும் கேக்கும், மறுமொழி சொல்லும். அந்தக் கதைதான் எங்களுக்கு இன்னும் முழுசா விளங்கேல்லை."

நான் அழுகையை மறந்தேன். சிந்திவிடுமோ என்று இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். மாமாவும் சுழியோட முடியாத ஒரு கடல் எனக்குள் இருந்தது. நான் தூங்கும்போதும் அதற்குள் யாரோ யாருக்கோ மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பிறகு எத்தனையோ ஊர்களில் படுத்தெழும்பிவிட்டேன். எந்த மலையும் எந்தக் கோபுரமும் என்னை அப்படி வாயடைக்க வைத்ததில்லை.

மறுநாள் காலை அம்மா வந்தார். மாமா முதல்நாளே எல்லாம் சொல்லியிருக்கவேண்டும், கட்டிலடியில் நின்று டொக்டர் சொன்னார்: "இது கள்ளாலயும் இல்லை, அம்மா. மீனாலயும் இல்லை."

"மீனாலயும் இல்லையோ?" அம்மா மறுபடி கேட்டார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "பிறகேன்ரா குடுத்தனான் எண்டனி?"

"உங்களிட்ட அடி வாங்கிக் கனகாலம், அக்கா."

அம்மா முந்தானையை வாயில் பொத்தி அழத் தொடங்கினார். மாமா சிரித்தார். அந்நேரம் நான் கட்டிலை விட்டிறங்கி, எதையும் பிடிக்காமல், கால்களை அகட்டி அகட்டி வைத்து ஜன்னல்வரை போய் நின்றுவிட்டேன். அடித்தவர் ஏன் அழுகிறார், அடிவாங்கியவர் ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் விழாமல் நிற்கிறேன், ஒருவரும் பார்க்கவில்லையே என்ற கோபம் மட்டும் வந்தது.