ஐசம் கிடக்கும் மைல்

லெமுவல் தாக்ஸ்டன் துரைக்கு மூன்று பெருமைகள். பருத்தித் தோட்ட முதலாளி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில மேலவை உறுப்பினர், ரயில் கம்பெனித் தலைவர். மூவருக்கும் சேர்த்துச் சமைத்தவள் ஒருத்திதான், டைசி. அவர் விலைக்கு வாங்கிய அடிமை. அவள் புருஷன் ஐசமும் அப்படித்தான்.

ரயில் போக மேட்டு வழிதான் சரி என்று நிலம் அளந்தவர் தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். துரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் பஞ்சுக் கொட்டகை வாசலில் வண்டி நிற்க வேண்டுமென்று பாதையைச் சதுப்புக்குள் வளைத்தார். அந்தக் காலத்தில் கம்பெனியில் பங்கு வாங்கப் பணம் தேவையில்லை, பாதை போட அடிமைகளை அனுப்பினால் போதும். துரை ஐசமையும் சேர்த்து முப்பது பேரை அனுப்பினார். பங்கு அவருக்கு, முதுகு ஒடிந்தது அவர்களுக்கு.

அப்படிப் போகிறவர்கள் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்புவது வழக்கம்.

"சோள ரொட்டி சுட்டு வை, வந்துர்றேன்" என்றான் ஐசம். "இல்லாட்டி இப்பவே நாலு குடு. தண்டவாளத்துக்கு அடியில வைக்க ஆகும்."

"போய்யா போ. அங்க பசிக்கும்போது தெரியும் என் ரொட்டியோட அருமை!"

கிறிஸ்துமஸுக்கு இருபத்தொரு பேர்தான் வந்தார்கள். காய்ச்சலில் செத்தவர்களை அங்கங்கே தண்டவாளம் போட எழுப்பிய மண்கரைக்குள்ளேயே போட்டு, மேலே மண்ணைத் தள்ளிவிட்டார்களாம். செத்தவர்களில் ஐசமும் ஒருவன். வேறு கூட்டத்தில் வேலை செய்ததால் அவனை எங்கே புதைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டைசியால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. அன்று துரை வீட்டில் பெரிய விருந்து, அடுப்படியில் அவள் ஒருத்தி.

வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த சண்டை முடிந்து அடிமைகளுக்கு விடுதலை வந்தது. மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். டைசி துரையின் அறைக்குப் போய் நின்றாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கூலிதானே? பேசிக்கலாம். நீயும் போயிடாதே."

"கூலி வேணாம். என் புருஷன் எந்த மைல்ல கிடக்கான்? அதைச் சொல்லுங்க."

துரை வரைபடத்தை விரித்தார். அந்தப் பாதையில் ஒவ்வொரு பாலமும் வளைவும் அவருக்கு அத்துப்படி. விரல் சதுப்பின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"தெரியலையே, டைசி."

மனிதர் பொய் சொல்லவில்லை. பொய்யாவது சொல்லியிருக்கலாம், ஓர் இடத்தைக் காட்டியிருந்தால் அவள் அங்கே போய் அழுதிருப்பாள். பாவி, அதைக்கூடச் செய்யவில்லை. அன்றே அவள் அந்த வீட்டை விட்டு வெளியேறினாள்.

துரை செத்தபோது சவப்பெட்டியை அதே பாதையில் தனி வண்டியில் கொண்டுபோனார்கள். பத்திரிகைகள் பத்தி பத்தியாகப் புகழ்ந்தன. டைசி பக்கத்து ஊரில் துணி வெளுத்துப் பிழைத்தாள். சர்ச் சபைக் கூட்டத்துக்கு எல்லோரும் ரயிலில் போக, அவள் மட்டும் மேட்டு வழியாகப் பன்னிரண்டு மைல் நடப்பாள். முழங்கால் வீங்கிய பிறகும் நடந்தாள்.

ஒருநாள் ஸ்டேஷனைத் தாண்டி அவள் நடந்துபோவதைப் பார்த்த தோழி ஹெஸ்டர் பொறுக்க மாட்டாமல் ரயில் ஜன்னலிலிருந்து கத்தினாள். "ஏறித் தொலையேன்டி! டிக்கெட் நான் எடுக்கிறேன். அப்படி என்ன வீம்பு உனக்கு?"

"வீம்பு இல்லடி. எங்க படுத்திருக்கான்னு தெரிஞ்சா அந்த எடத்துல மட்டும் எறங்கி நடந்துக்குவேன். தெரியலையே."