மழையில் கரைந்த வெல்லமும் மலையடி மசால்வடையும்

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி மலைக்கு நடந்து போக நினைக்கிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் நடந்தது 1969 ஆடிக் கிருத்திகைக்கு. ஒரு கல்கூட மறக்கவில்லை, ஒரு சொல்லும் மறக்கவில்லை.

அந்த வருடம் பங்குனியில் என் வீட்டுக்காரருக்கு விஷக்காய்ச்சல். நாற்பது நாள் தறியில் உட்காரவில்லை. அவர் எழுந்து நடந்தால், வீட்டு வாசலிலிருந்து மலை உச்சி வரை வெறுங்காலில், வாயில் ஒன்றும் போடாமல் வருகிறேன் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். எழுந்து நடந்தார்.

என் நாத்தனார் முனியம்மா, அவருடைய அக்கா, உடனே சொன்னாள்: “இவ எங்க நடக்கறது? பாதியில வண்டி ஏறிடுவா. வேண்டுதல் கெட்டா என் தம்பிக்குத்தான் திரும்பவும் படுக்கை.” தானும் விரதம் இருந்து கூடவே வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். துணைக்கு இல்லை, காவலுக்கு.

விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். நானும் அவளும், எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேரும். எல்லோருக்கும் மஞ்சள் புடவை. தூரம் பதினேழு கிலோமீட்டர். அப்போது நாங்கள் பத்தரை மைல் என்போம். முதல் நாலு மைல் சுகமான நடை. இருட்டு விலகுவதற்குள் இரண்டு ஏரிக்கரை தாண்டிவிடலாம்.

ஏழு மணிக்குச் சாலையோரம் ஒரு பந்தல். நடந்து போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டல், எலுமிச்சை அளவு ஒரு கட்டி வெல்லம். முருகன் பேரில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. விரதக்காரர்கள் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வோம். சாமி பார்த்து மலை இறங்கிய பிறகுதான் பிரிக்கலாம். ஐந்து பேரும் வரிசையாகக் கை நீட்டி வாங்கினோம்.

எட்டு மணிக்கு மழை பிடித்தது. ஆடியில் காற்றுதான் அடிக்கும். அன்று ஐப்பசி மழை மாதிரி ஊற்றியது. வண்டித்தடமெல்லாம் சேறு. காலில் ஒட்டிய களிமண்ணே ஒரு கிலோ எடை இருக்கும். முள் குத்திவிட்டது என்று முனியம்மா ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். “நீங்க போய்க்கினே இருங்க, வரேன்” என்றாள். கால் மணி நேரம் கழித்து வந்து சேர்ந்துகொண்டாள். முள் குத்திய கால் நொண்டவில்லை. அதையும் பார்த்துவைத்தேன்.

பதினொன்றரைக்குத் திருத்தணி எல்லை. அங்கேதான் அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னாடி இது? முடிச்சு சுருங்கிப் போயி கீது! வெல்லம் எங்கடி?”

குனிந்து பார்த்தேன். முந்தானை முழுக்கப் பழுப்புக் கறை, முழங்கால் வரை வழிந்திருந்தது.

“மழையில கரைஞ்சிருக்கும், அண்ணி.”

“வாயில கரைஞ்சிருக்கும்! துன்னுக்கினே வந்துட்டு சாமிகிட்டப் போறியா? ஊட்டுக்குப் போயி என் தம்பிகிட்ட சொல்றேன் இரு.”

மற்றப் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. அவள் வாய்க்குப் பயந்தவர்கள். நாளைக்கு அவருக்கு ஒரு தும்மல் வந்தாலும் என் தலையில்தான் விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முந்நூற்று அறுபத்தைந்து படியையும் அந்தச் சொல்லைச் சுமந்துதான் ஏறினேன். நடந்த வலி தெரியவே இல்லை.

இரண்டு மணிக்கு முருகனைப் பார்த்தோம். மூன்றே காலுக்குக் கீழே வந்தோம். மழை விடவில்லை. குளத்துப் பக்கம் ஓலைத் தட்டியின் கீழ் ஓர் அம்மா மசால்வடை சுட்டுக்கொண்டிருந்தாள். வடை ஐந்து பைசா, டீ பத்து பைசா. அடுப்பைச் சுற்றி நின்று ஐந்து பேரும் புடவையைப் பிழிந்தோம். அதுவரை இடுப்பில் செருகியிருந்த முந்தானையை முனியம்மாவும் உருவிப் பிழிந்தாள்.

வடைக்கார அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “காலைலேர்ந்து அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற பொம்பளைங்க அத்தினி பேர் முந்தானையிலும் வெல்லக்கறை. இந்தக்கா முந்தானை மட்டும் இப்பத்தான் கடையில எடுத்த மாதிரி கீதே!”

அவமானத்தில் அதுவரை தலை நிமிராத நான் அப்போதுதான் மற்ற மூவரைப் பார்த்தேன். மூன்று முந்தானையிலும் கறை.

“நான் வெல்லம் வாங்கல” என்றாள் முனியம்மா.

“என் முன்னாடிதானேக்கா ரெண்டு கையையும் நீட்டி வாங்குன!” என்றாள் அதுவரை பேசாத தெருக்காரப் பெண்.

“புளியமரத்து முள்ளு வாங்கிக்கிச்சு போல” என்றாள் இன்னொருத்தி. வடைக்கார அம்மா சிரித்த சிரிப்பில் எண்ணெய் தெறித்தது.

நான் முடிச்சைப் பிரித்தேன். சுண்டல் அப்படியே இருந்தது, ஊறிப்போய், வெல்லப்பாகு பூசி. மந்தார இலையில் நாலு வடை வாங்கி, பிட்டு, அதன் மேல் அந்தச் சுண்டலைக் கொட்டினேன். வடை நாக்கைச் சுட்டது. ஓரத்துப் பருப்பு பல்லில் நொறுங்கியது. சோம்பும் பச்சைமிளகாயும் இனிப்புச் சுண்டலும் ஒன்றாகச் சேர்ந்தன. மழையில் மரத்துப்போன விரலுக்கு அந்த இலையின் சூடே போதும். அதற்குப் பிறகு கல்யாண விருந்து எத்தனையோ சாப்பிட்டுவிட்டேன். அந்த ருசி ஒன்றிலும் இல்லை. முனியம்மாவும் தின்றாள், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஐந்து மணிக்குப் பஸ், டிக்கெட் அறுபது பைசா. வீட்டுக்குப் போனதும் அந்தப் புடவையை நான் துவைக்கவில்லை. கறை தெரியும்படி வாசல் கொடியில் மூன்று நாள் போட்டுவைத்தேன். எறும்பு வந்தது, வரட்டும் என்று விட்டேன். தம்பியிடம் சொல்கிறேன் என்றவள் அந்த மூன்று நாளும் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அவர் கறையைப் பார்த்து விசாரித்தார், நானே முழுதும் சொன்னேன். அன்றைக்கு அவர் சிரித்ததுதான் காய்ச்சலுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாலு மணிக்கு மேல் புறப்படாதீர்கள், வெயிலானாலும் மழையானாலும் பத்து மணிக்குள் முக்கால் தூரம் கடந்துவிட வேண்டும். மாற்றுப் புடவை ஒன்று வேண்டும். மலை இறங்கியதும் உட்காராதீர்கள், கால் பிடித்துக்கொள்ளும். நின்றபடி சூடாக இரண்டு வடை தின்றுவிட்டு உட்காருங்கள். வழியில் வெல்லம் கொடுத்தால் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். முந்தானையில் முடியுங்கள், மழை வந்தால் கரையட்டும்.