வலமாக மட்டும் ஓடியவள்

முதலில் வலித்தது இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில், கட்டை விரலால் மூடிவிடக்கூடிய ஒரே ஓர் இடத்தில். ஓடும்போது வரும், நின்றால் போய்விடும். வீட்டில் கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டேன். இப்படி ஒரு வலி உங்களுக்கும் இருந்தால் தைலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு டாக்டரிடம் போங்கள். நான் ஐந்து வாரம் கழித்துத்தான் போனேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. வலியசாலையில் வீடு. மாதவிடாய் நின்றபின் தூக்கம் கெட்டு, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த என்னை மறுபடி மனுஷியாக்கியது ஓட்டம்தான். ஆனால் திருவனந்தபுரத்தில் ஓட இடம் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எந்தச் சாலையும் கொஞ்ச தூரத்துக்கு மேல் சமமாக இராது. ஏறும், இல்லையென்றால் இறங்கும். தம்பானூர் பக்கம் விடியும்போதே பஸ்கள் உறுமத் தொடங்கிவிடும். ஆற்றுப் பக்கம் போனால் நாய்கள். நடைபாதையில் ஓடலாமென்றால் ஆடுகிற ஸ்லாப்புகள். நாலு மாதம் அலைந்து, ஒரு கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களைப் பிடித்தேன். மேடு பள்ளமில்லை, வண்டிகள் குறைவு. புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

எலும்பு டாக்டர் மலையாளி, பொறுமைசாலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்ஆர்ஐயில் தெரிந்தது: ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து எலும்பில் உண்டாகும் மயிரிழை விரிசல்). என் ஷூக்களைக் கழற்றச் சொல்லி அடிப்பக்கத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கவில்லை. எங்கே ஓடுகிறேன், எந்தப் பக்கமாக என்று கேட்டார். சொன்னேன். தெருவின் ஓரம் சாக்கடை ஓடையை நோக்கிச் சரிந்திருக்குமே, இடது கால் எப்போதும் தாழ்வில்தானே விழுந்திருக்கும், ஒரு நாளாவது மாற்றி எதிர்ப்பக்கமாக ஓடியிருக்கக் கூடாதா என்றார்.

கோயிலை இடமாகச் சுற்றுவதா? எனக்கு அது தோன்றவே இல்லை. எட்டு மாதம், தினமும் பன்னிரண்டு சுற்று, சுவாமி எப்போதும் என் வலப்பக்கம். ஓடினாலும் பிரதட்சிணம் பிரதட்சிணம்தானே. அதற்கு அவர் கொடுத்த பிரசாதம் இந்த விரிசல். அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

அதைவிடப் பெரிய அடி அதே அறையில் காத்திருந்தது. சரிவு மட்டும் காரணமாக இராது என்று சொல்லி, டாக்டர் டெக்ஸா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியை அளக்கும் சோதனை) எழுதத் தொடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் தொண்டையைச் செருமினார். அது ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று மலையாளத்தில் மெல்லச் சொல்லி மொபைலை நீட்டினார்.

ஆறு மாதத்துக்கு முன் அவருடைய ஆபீஸில் குடும்பத்தினருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்த பரிசோதனை; எந்த ஸ்கேன் எதற்கென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் ரிப்போர்ட்டும் அவர் மொபைலுக்குத்தான் வந்தது. "எல்லாம் நார்மலாக்கும்" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னவர், அதிலிருந்த ஆஸ்டியோபீனியா (எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கிய நிலை) என்ற சொல்லை விழுங்கிவிட்டார். அந்த எலும்போடு நான் ஆறு மாதம் ஓடியிருக்கிறேன். தினமும் வாசல்வரை வந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தவர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் மறைத்தார் என்று கேட்டேன்.

"நீ பேடிச்சு ஓட்டத்தை நிறுத்திடுவையோன்னாக்கும் நெனச்சேன். ஓட ஆரம்பிச்சப்புறம்தானே நீ சிரிச்சே," என்றார்.

"எலும்பு உடைஞ்சாலும் சிரிச்சிண்டிருப்பேன்னு நெனச்சேளா?"

பயந்தது நானில்லை, அவர்தான். பழையபடி எரிந்து விழுவேனோ என்று பயந்திருக்கிறார். துரோகம் என்றால் அவர் முகம் வாடிவிடுகிறது. வேறு வார்த்தை என்னிடம் இல்லை. பிரியத்தால்தான் செய்தார் என்பது என் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது.

ஆறு வாரம் பூட் (காலை அசையாமல் பிடித்துவைக்கும் கனத்த பாதணி), கால்சியம், வைட்டமின் டி. முன்பு என் காலை நேரம் சுற்றுக் கணக்கில் போகும். இப்போது எலும்பு தன் இஷ்டத்துக்குத்தான் கூடும், கெஞ்சினாலும் அவசரப்படாது. ரிப்போர்ட்டுகள் என் மொபைலுக்கு வருகின்றன. உங்களுடையதையும் யார் படித்துச் சொன்னாலும் நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரிவில்லாத ஒரு பள்ளி மைதானத்தில் நடக்க ஆரம்பித்தேன். நானும் வருகிறேன் என்றார் கணவர். சேர்ந்து நடக்க எனக்கு மனமில்லை. அவர் வலமாகச் சுற்றுவார், நான் இடமாக. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை எதிரெதிரே வருவோம். இரண்டு முறையும், "வலிக்கறதா?" என்று கேட்பார்.

போன வாரம், ஒரு நிமிடம் ஓடிப் பார்க்கலாம் என்று டாக்டர் அனுமதித்த முதல் நாள். அரை நிமிடத்தில் அதே இடத்தில் சுருக்கென்றது. எதிரே வந்தவர் கேட்டார்.

"சாரமில்லை, ஒண்ணுமில்லை. எல்லாம் நார்மல்," என்று சொல்லிவிட்டுத் தாண்டி ஓடினேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. தைலம் தேய்த்த ஐந்து வாரமும் நான் சொன்னது இதைத்தானே. எலும்பு சொல்லிக்கொண்டே இருந்தது, அதையும் விழுங்கினேன். நின்றேன். அவர் மைதானத்தைச் சுற்றித் திரும்பி வரும்வரை அசையாமல் நின்றேன்.

"வலிக்கறது," என்றேன்.

அவர் குனிந்து என் ஷூ நாடாவை அவிழ்த்தார். நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. ஆனாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.