உஷ் அண்ணன்

பறவைகள் சரணாலயத்துக் கோபுரக் காவலரை எல்லோரும் ‘உஷ் அண்ணன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். உள்ளூர்க் கொக்கு சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும், கடல் தாண்டி வந்த வாத்து பொறுக்காது என்பது அவர் கட்சி. யாராவது தும்மினால்கூட முறைப்பார். வீட்டிலும் அதே கிசுகிசுப்புதான்.

“வாய விட்டுப் பேசினா கொறஞ்சா போயிடுவீங்க?” என்று மனைவி எரிந்து விழுவாள். பிறகு அவளுக்குக் காது மந்தமானது. பக்கத்து வீட்டுக்காரி கத்தினால் ஓரளவு கேட்கும். இவர் பேசினால் உதடு அசைவதோடு சரி.

ஒரு மதியம் அவள் சாப்பாட்டுத் தூக்கோடு ஏரிக்கரைமேல் வந்தாள். மழையில் கரை அரித்துப் பள்ளமாகிக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. கோபுரத்திலிருந்து அவர் வாழ்க்கையில் முதன்முறையாகத் தொண்டை கிழியக் கத்தினார்.

“அடியே, நில்லுடி!”

ஏரியே எழுந்து பறந்தது. அவள் பள்ளத்தின் விளிம்பில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தாள். அவர் விழுந்தடித்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எந்தப் பாவியோ கல்லெறிஞ்சிட்டான் போல. உங்க வாத்தெல்லாம் போயிடுச்சே!”

“நான்தான்டி உன்னக் கூப்பிட்டேன்,” என்றார். தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது.

அவள் அவர் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்னமோ சொல்றீங்க,” என்று தூக்கை நீட்டினாள்.