நில்லுங்க ஸ்டாப்பிங்

எங்கள் வீட்டருகே இருந்த மேட்டில் ஏறும்போது டவுன் பஸ்ஸின் ஓட்டுநர் கியரை இறக்குவார். அந்த உறுமல் சுவர் வழியாக வந்து, அடுக்களை அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை மெல்ல நடுங்க வைக்கும். நின்றுவிடப் போகிறதோ என்று தோன்றுகிற அளவுக்கு வேகம் குறையும். மேடு முடிந்ததும் மறுபடி வேகம் பிடித்து, டீசல் புகையை எங்கள் தெருப்பக்கம் தள்ளிவிட்டு நாமக்கல்லை நோக்கிப் போய்விடும். காலை ஏழு நாற்பது. கடிகாரம் பார்க்கத் தெரியாத வயதிலேயே அந்த நேரம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பஸ் எங்களுக்காக ஒரு நாளும் நின்றதில்லை.

எருமப்பட்டிச் சாலையில், ஒரு காலத்தில் கடலைக்காடாக இருந்த இடத்தை மனை மனையாகப் பிரித்து விற்றிருந்தார்கள். நாங்கள் குடிவந்தபோது இருபது வீடுகள் இருந்திருக்கும். மனைகளுக்கு நடுவே நட்ட கற்களில் எருமைகள் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கும். முட்டை மண்டியில் வேலை பார்த்தவர்கள், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் போனவர்கள், கோழிப்பண்ணை மேற்பார்வையாளர், தறியை விட்டு ராசிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று ஆளுக்கொரு ஊர்க்காரர்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களை மொத்தமாகப் "பிளாட்டுக்காரங்க" என்றார்கள். ஊரும் இல்லை, டவுனும் இல்லை. அதனால்தானோ என்னவோ பஸ்ஸுக்கும் நாங்கள் கணக்கில் வரவில்லை. முறையான நிறுத்தம் ஒரு மைலுக்கு அந்தப் பக்கம், ஓடைப்பாலத்தருகே இருந்தது.

என் அக்கா கலைச்செல்வி அப்போது நாமக்கல்லில் பதினொன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் அந்த ஒரு மைலைச் சாலையோரமாகவே நடந்துபோய்ப் பஸ் ஏறி, மாலையில் அதே மாதிரி நடந்து திரும்புவாள். அந்தச் சாலையில் லாரிகளைவிட எனக்குப் பயம் தந்தவை பாடி கட்டாத வெறும் சேசிஸ்கள்தான். எஞ்சினும் சக்கரமும் நீண்ட இரும்புச் சட்டமும் மட்டும் இருக்கும். முன்னால் ஒரு பலகையைப் போட்டு, தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டி வருவார். பட்டறைகளுக்குப் போகிற அவை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று, நான்கு என்று வரும்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய ஒரு சேசிஸின் வால்பகுதி அக்காவின் புத்தகப்பையை உரசியது. அவள் பள்ளத்தில் போய் விழுந்தாள். முழங்கை சிராய்ந்தது, நோட்டுகள் சேற்றில் ஊறின. நடந்தது அவ்வளவுதான்; அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

"ஊட்லயே இருக்கட்டும். பிரைவேட்டாப் பரீட்சை எழுதிக்கலாம்" என்றார்.

"இன்னும் ஒன்றர வருசந்தானுங்க பாக்கி" என்றாள் அம்மா.

"அந்த ஒன்றர வருசத்துல என்ன வேணா ஆகும். புள்ள எனக்கு முழுசா வேணும்."

அப்பா கோபக்காரர் அல்ல. முட்டை மண்டியில் லோடு ஏற்றுகிற வேலை அவருக்கு. விடிவதற்கு முன்பே சைக்கிளில் கிளம்பிவிடுவார், அக்காவைக் கொண்டுபோய் விட அவரால் முடியாது. சேறு படிந்த நோட்டுகளைத் துண்டால் துடைத்துக்கொண்டேதான் அன்று அவர் பேசினார்.

மறுநாள் காலையில் அவள் எப்போதும்போல எழுந்து குளித்தாள். இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டினாள். நீலப் பாவாடையும் வெள்ளைத் தாவணியும் உடுத்திக்கொண்டு சாலையைப் பார்த்த ஜன்னலருகே உட்கார்ந்தாள். ஏழு நாற்பதுக்குப் பஸ் மேடேறி மறைந்த பிறகு உள்ளே போய்ப் பழைய பாவாடை சட்டைக்கு மாறி, சீருடையை மடித்து வைத்தாள். அடுத்த நாளும் அப்படியே செய்தாள். மூன்றாம் நாள் அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், "புகை" என்றாள். அடுப்பு அப்போது எரியவில்லை.

அன்றுதான் எதிர்வீட்டுத் தங்கமணி அத்தை உறைமோர் கேட்டு வந்தார். ராசிபுரத்துத் தறிக் குடும்பத்தில் பிறந்து, லாரிக்கு மரவேலை செய்யும் பழனிச்சாமி மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஜன்னலருகே சீருடையில் இருந்த அக்காவைப் பார்த்ததும் கிண்ணத்தோடு நின்றுவிட்டார்.

"ஏஞ்சாமி, பள்ளிக்கோடம் போகலையா?"

"இல்லீங்கத்தை. நின்னுட்டேன்."

"அப்புறம் எதுக்கு யூனிபாரம்?"

"பஸ்ஸு போற வரைக்கும் போட்டிருப்பேனுங்க. அப்புறம் மாத்திக்குவேன்."

அத்தை உறைமோரை வாங்காமல், கிண்ணத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாட்களில் மாமாவும் தெருவில் இரண்டு பேரும் ஒரு மனு எழுதி நாமக்கல் பஸ் டிப்போவுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். நிறுத்தம் வேண்டுமென்றால் ஏறுவதற்கு ஜனம் இருக்க வேண்டும், நிற்க நிழல் இருக்க வேண்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றாராம். மாமா அதைத் தெருவில் வந்து சொன்னபோது, மற்றவர்கள் அதை முடியாது என்பதற்கான பதில் என்று எடுத்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"நெழலுதான வேணும்? கட்டிப்போடலாம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவே மாட்டேன். பட்டறையில் கேட்டு வாங்கிய பழைய இரும்புச் சட்டங்களும், ஒரு லாரியின் பக்கவாட்டில் இருந்து கழற்றிய பலகைகளும் மாட்டுவண்டியில் சாலையோர மேட்டருகே வந்து இறங்கின. ஆண்கள் குழி தோண்டினார்கள். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகள் கல் பொறுக்கிப் போட்டோம். மேற்பார்வையாளர் வீட்டம்மாள் ஒரு அண்டா நிறையத் தக்காளிச் சோறு செய்துகொண்டு வந்தார். அதுவரை ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போகாதவர்கள்கூட அன்று ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாலைக்குள் தகரக்கூரையும் நீளமான பெஞ்சுமாக ஒரு நிழற்குடை எழுந்து நின்றது. அப்பா மட்டும் வரவில்லை. வீட்டில் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மாமாவின் பட்டறையிலிருந்து பெயிண்டர் ஒருவர் வந்தார். லாரி நெற்றியில் எழுதுகிற அதே கையால் கிளிகளும் தாமரையும் வரைந்துவிட்டு, "பேரு என்னங்க எழுதறது?" என்று கேட்டார். அங்கேதான் சிக்கல் வந்தது. மனை விற்றவர் பத்திரத்தில் இந்த இடத்துக்குத் தன் மகள் பெயரை வைத்திருந்தார். அது யாருக்கும் பிடிக்கவில்லை. கிழக்கு வரிசைக்காரர்கள் முருகன் பெயர் கேட்டார்கள், மேற்கு வரிசைக்காரர்கள் பிள்ளையார் பெயர் கேட்டார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. பெயிண்டர் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேரெல்லாம் பொறவு வெச்சுக்கலாமுங்க. இப்ப பஸ்ஸுக்காரருக்கு என்ன சொல்லோணுமோ அத எழுதுங்க" என்றார் தங்கமணி அத்தை.

பெயிண்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சிவப்பில் நிழல் கொடுத்து மஞ்சள் எழுத்தில், ஒரே ஒரு சொல்லை எழுதினார்: நில்லுங்க.

திங்கட்கிழமை ஏழரைக்கே தெருவே அங்கே கூடியிருந்தது. இடுப்பில் பிள்ளையோடும், கையில் நறுக்கிய பாதிக் காயோடும், ஈரத்தலையில் துண்டோடும் பெண்கள் நின்றார்கள். நடுவில் அக்கா, சீருடையில். பஸ் மேடேறியது, வேகம் குறைந்தது, எல்லாரும் கையை நீட்டினோம். பஸ் போய்விட்டது. செவ்வாய்க்கிழமையும் போய்விட்டது. புதன்கிழமை நடத்துநர் படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டு போனார். வியாழக்கிழமை மழை தூறியது. இன்று யாரும் வரமாட்டார்கள் என்று அக்கா சொன்னாள். நாங்கள் போவதற்கு முன்பே எல்லாரும் வந்திருந்தார்கள். அன்றும் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் பஸ் போன பிறகு அக்காவின் முகத்தை யாரும் நேராகப் பார்க்கமாட்டார்கள். "நாளைக்குப் பாக்கலாம் சாமி" என்று அத்தை மட்டும் சொல்லிவிட்டு நடப்பார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தின் பின்னால் சைக்கிள் மணி கேட்டுத் திரும்பினேன். அப்பா நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவரை வெளிச்சத்தில் பார்ப்பதே எனக்குப் புதிதாக இருந்தது. மண்டிக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே இன்னொரு கையைச் சாலைக்கு நீட்டினார்.

அன்று பஸ் நின்றது. எங்களைத் தாண்டிப் பத்தடி போய்த்தான் நின்றது, ஆனாலும் நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"இத்தன பேர எங்கீங்க ஏத்தறது? உள்ள கால் வெக்க எடமில்ல."

"ஒருத்திதானுங்க ஏறுவா" என்றார் அத்தை. "நாங்க சும்மா நிக்கறோம்."

ஓட்டுநருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார்.

"அஞ்சு நாளா இந்த ஒரு புள்ளைக்காகவா நிக்கறீங்க?"

"ஆமாங்க. நீங்க நிக்கற வரைக்கும் நிப்போமுங்க."

நடத்துநர் கீழே இறங்கி வழிவிட்டார். அக்கா ஓடிப்போய் ஏறினாள். அப்பா சைக்கிளை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓட்டுநர் பக்கம் போய், "பாத்துக் கூட்டிட்டுப் போங்கண்ணா" என்றார். பஸ் நகர்ந்தபோது யாரும் கூச்சல் போடவில்லை, கை தட்டவில்லை. புகை அடங்கும்வரை எல்லாரும் நின்றுவிட்டு, அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்தவர்களாக வீட்டுக்கு ஓடினார்கள்.

அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வேறு பெயரே வாய்க்கவில்லை. "நில்லுங்க எறங்கறவங்க முன்னால வாங்க" என்று நடத்துநர்கள் கத்துவார்கள். எங்கள் தெருக் கல்யாணப் பத்திரிகைகளில் "நில்லுங்க ஸ்டாப்பிங் அருகில்" என்று அச்சடித்தார்கள். இன்னொன்றும் நடந்தது. பஸ் நிற்கத் தொடங்கிய பிறகும் பெண்கள் காலையில் அங்கே வருவதை விடவில்லை. அக்காவை ஏற்றிவிட்ட பின் அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து அவரைக்காய் உரிப்பார்கள், பிள்ளைக்குத் தலை பார்ப்பார்கள், மாமியார் பற்றிப் பேசுவார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் எட்டரைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். என் பள்ளி வாழ்க்கை முழுவதும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் கழிந்தது.

அக்கா படித்து ஆசிரியையாகி, இப்போது வாழப்பாடியில் இருக்கிறாள். பழனிச்சாமி மாமா இல்லை, அப்பாவும் இல்லை. எங்கள் வீட்டை விற்று வருடங்கள் ஆகின்றன. சாலையை அகலப்படுத்தியபோது நிழற்குடையை எடுத்துவிட்டார்கள். எந்த நாளில் எடுத்தார்கள் என்று விசாரித்தேன். யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் வீட்டுக்கு இரண்டு வண்டி வந்துவிட்டதால், அங்கே நிற்க யாரும் போயிருக்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக நாமக்கல் போனவள், தங்கமணி அத்தையைப் பார்க்கப் போனேன். தெரு முழுக்க மாடி வீடுகள், மூடிய இரும்புக் கதவுகள். அத்தைக்கு முழங்கால் முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவைப் பற்றி, அவள் பிள்ளைகளைப் பற்றி எல்லாம் கேட்டார். நானும் பேச்சுவாக்கில், அன்று நீங்கள் மட்டும் எங்கள் அக்காவுக்காக நிற்காவிட்டால் என்று ஆரம்பித்தேன்.

"உங்கக்காளுக்காகத்தான் நின்னோம். இல்லைன்னு சொல்லல" என்றார். என் கையை விடாமலே மேலே சொன்னார்: "ஆனா எனக்கும் வேண்டியிருந்துச்சு கண்ணு. பொறந்த ஊட்ல தறிச்சத்தமும் ஆளுகளுமா இருந்தவ நான். இங்க வந்து உங்க மாமன் பட்டறைக்குப் போயிட்டா, பொழுதுக்கும் செவுத்தத்தான் பாத்துட்டு இருந்தேன். எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான் இருந்திருக்கறாங்க, அந்தத் திங்கக்கெழம போயி நின்னப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. பஸ்ஸு மொத நாளே நின்னிருந்தா, அதோட அவியவிய ஊட்டுக்குள்ள போயிருப்போம்."

நான் அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடங்களாக அது என் அக்காவின் கதை என்றே எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

கிளம்பும்போது அத்தை, "ரோட்டு வரைக்கும் வாரேன், வண்டி வர்ற வரைக்கும் பேசிட்டு நிக்கலாம்" என்று கோலை ஊன்றி எழப் பார்த்தார். நான் அதற்குள் கைப்பேசியில் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டிருந்தேன். அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றுவதற்குள் அது வீட்டு வாசலிலேயே வந்து நின்றுவிட்டது.