கச்சேரிக்காகத் தறி நின்ற நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தறியில் ஓடுகிற கை காகிதத்தில் ஓடாது. அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அண்ணன் இருந்தவரை அவர் காதுபட இந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை என்பதே பெரிய காரணம். அவர் காலம் ஆனபிறகும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். போன தை வெள்ளிக்கிழமை காமாட்சி அம்மன் சன்னதியில் நின்று, "தாயே, நடந்ததை நடந்தபடி எழுத வை" என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம். எங்கள் வீட்டுப் பின்சுவரும் அந்தப் பள்ளிக்கூடத்து ஹால் சுவரும் கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம்தான். அந்த ஹாலில் ஒரு கச்சேரி ஏற்பாடானது. நம் பக்கத்துக் கச்சேரி இல்லை. மெட்ராஸிலிருந்து பெரிய கூட்டமாக வயலின்காரர்கள், ஊதுகிறவர்கள், மேளக்காரர்கள். சீமையிலிருந்து விருந்தாளியாக வந்த ஒருவர் அதை நடத்துகிறாராம். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பியானோ வாசிக்கப்போகிறார்களாம். அந்த இரண்டு பியானோவும் லாரியில் வைக்கோல் மெத்தை போட்டு வந்து இறங்கியதைத் தெருவே போய் வேடிக்கை பார்த்தது.

எதிர்வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"அந்தச் சீமைக்காரரு என்னாப்பா வாசிப்பாரு?"

"அவரு ஒண்ணும் வாசிக்கமாட்டாராம். ஒரு குச்சி வெச்சிக்கினு நிப்பாராம். யாரு எப்ப வாசிக்கணும்னு காட்டுவாராம்."

"அப்ப மேஸ்திரின்னு சொல்லு!"

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா தெருவில் வீடு வீடாக வந்தார். கச்சேரி விளக்கு வைத்தபிறகு. அந்த நேரத்துக்கு மட்டும் தறியை நிறுத்த முடியுமா, எல்லாரும் வந்து கேட்கலாமே என்றார். கொஞ்சம் யோசித்தோம். யோசித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் தறிச் சத்தம் அமாவாசைக்கு நிற்கும். மற்ற நாளில் பகலில் தெரு முழுக்க ஒரேயடியாக நின்றால் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். யாரும் வந்து சொல்லவேண்டாம். ஒரு வீட்டில் உயிர் போனால் பக்கத்து வீட்டுக்காரன் ஊடைநூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிடுவான், அவனைக் கேட்டு அடுத்தவன் வைப்பான். பிணம் எடுக்கிறவரை ஒருவரும் தறியில் கால் வைக்கமாட்டார்கள். ஆனாலும் கும்பிட்டுக் கேட்கிற அம்மாவிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? விளக்கு வைத்தபிறகுதானே, சரி என்றோம்.

எங்கள் வீட்டு நிலைமை அப்போது சரியில்லை. என் அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி வீட்டில் கிடத்தியிருந்தோம். மல்லாந்தே படுக்கவேண்டும். தலையை ஆட்டக்கூடாது, இருமக்கூடாது, எது நடந்தாலும் அழக்கூடாது. அழுதால் கண் போய்விடும் என்று டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். அண்ணனுக்கு ஒரே மகள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கச்சேரிக்கு முதல் நாள் காலையில் வலி எடுத்து, இரவெல்லாம் துடித்து, மருத்துவச்சி கைவிட்டபிறகு விடிகிற நேரத்தில் அண்ணி அவளைக் கார் வைத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவள் கத்தின கத்தல் எல்லாவற்றையும் அண்ணன் கண் கட்டோடு படுத்தபடி கேட்டிருந்தார்.

அவரிடம் கச்சேரி விஷயத்தைச் சொல்லித்தான் வைத்தேன். "விளக்கு வெச்சப்புறம் தறி நிக்கும்ணா, பயந்துக்காதே" என்றேன். சரி என்றார்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரி பொண்ணுக்காக நெய்விளக்கு ஏற்றக் கோயிலுக்குப் போனாள். அண்ணன் தூங்குகிற மாதிரி இருந்தது. ஹாலில் பெஞ்சு தூக்கக் கூப்பிட்டார்கள், பின்பக்கமாகப் போனேன். அங்கே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சீமைக்காரர் குச்சியைத் தூக்கினார். பியானோ இரண்டும் ஒன்றோடொன்று பேசுவது போல ஆரம்பித்தன. திடீரென்று அவர் கையை இறக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். தெருத்தறி அத்தனையும் ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் டீச்சரம்மாவிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா வெளியே ஓடினார். எங்கள் ஜனங்கள் நல்ல ஜனங்கள். கேட்ட மாத்திரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

தெருவே அடங்கிப்போனது. வாசிப்பு மறுபடி கிளம்பியது. பின்வரிசையில் அண்டா மாதிரி இருந்த மேளத்தை ஒருவர் மெதுவாக உருட்ட ஆரம்பித்தார். ஊதுகிறவர்கள் கீழ் சுரத்தில் நீளமாக ஊதினார்கள். பெஞ்சைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

அப்போது பள்ளிக்கூடத்துக் கேட் பக்கம் ஒரு பெரியவர் வந்து நின்றார். அடுத்த தெருக்காரர். மேல்துண்டை இடுப்பில் கட்டியிருந்தார், துக்கத்துக்கு வருகிற மாதிரி.

"யாருப்பா போனது?"

வாசலில் இருந்தவன் சிரித்தான். "யாரும் போகல தாத்தா. சீமைலேர்ந்து ஒருத்தரு வந்திருக்காரு, அவ்ளோதான்."

"அட போப்பா! நான் பாதிச் சோத்துல எழுந்து ஓடியாந்தேன்."

எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. பெஞ்சைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணன் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டு இருந்தது. தாடை மட்டும் நடுங்கியது.

"அண்ணா, படுத்துக்கோ. ஒண்ணும் இல்ல."

"எனக்கு யாரும் சொல்ல வேணாம். தெரிஞ்சுபோச்சு. என் பொண்ணு போயிட்டா."

"ஐயோ, இல்லண்ணா. கச்சேரிக்காக நிறுத்தியிருக்காங்க."

"விளக்கு வெச்சப்புறம்னு சொன்னியே. வெயிலு இன்னும் என் கால்ல அடிக்குது."

"ஒத்திகைண்ணா. அந்தச் சீமைக்காரரு..."

"மோளம் அடிக்கறது கேக்குது. கொம்பு ஊதறது கேக்குது. கண்ணுதான் கட்டியிருக்குது, காதையுமா கட்டிட்டாங்க? என்னாத்துக்குடா என்னை ஏமாத்தற?"

அம்மன் மேல் சத்தியம் செய்தேன். நம்பவில்லை. நோயாளியிடம் கெட்ட சேதியை மறைப்பது எங்களில் எல்லா வீட்டிலும் உள்ளது. அவரே எத்தனையோ பேருக்கு அப்படி மறைத்தவர். அதனால் நான் எவ்வளவு பேசுகிறேனோ அவ்வளவுக்கு அவருக்குச் சந்தேகம் ஏறியது. இன்னும் ஒரு நிமிஷத்தில் உடைந்து அழுதுவிடுவார், கண் போய்விடும்.

அதே கூடத்தில் இருந்த என் தறிக்குப் போய்க் குழியில் காலை விட்டேன். நாடாவைத் தள்ளினேன். இழையை நெருக்குகிற பலகையை இழுத்து அடித்தேன்.

ஊமையாகக் கிடந்த தெருவில் அந்த ஒரு தறி அப்படிக் கேட்டது. எனக்கே கூசியது. ஆனாலும் விடாமல் அடித்தேன். பொண்ணு செத்திருந்தால் அவள் சித்தப்பன் தறியைத் தொடுவானா? கையை வெட்டினாலும் தொடமாட்டான். அது அண்ணனுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கையால் தலையணையைத் தடவிப் பார்த்து மெதுவாகப் படுத்துக்கொண்டார்.

"நிறுத்தாதேப்பா," என்றார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். செங்கல்பட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியாது. பொண்ணு இருக்கிறாள் என்று அந்தப் பலகை சொல்லிக்கொண்டே இருந்தது. நானோ ஒவ்வொரு அடிக்கும், தாயே, இதைப் பொய்யாக்கிவிடாதே என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். பட்டில் என் வேர்வை சொட்டிவிடுமோ என்று புறங்கையால் துடைத்துத் துடைத்து அடித்தேன்.

சத்தம் கேட்டு டீச்சரம்மா வேகமாக வந்தார். வாசற்படியில் நின்று அண்ணனையும் அவர் கண் கட்டையும் பார்த்தார். நான் கை நிறுத்தாமலே, "அம்மா, இது நின்னா எங்கண்ணன் கண்ணு போயிடும்மா," என்றேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அப்படியே திரும்பிப் போனார். அங்கே என்ன சொன்னாரோ தெரியாது. பிறகு ஒருவரும் வரவில்லை.

வெயில் அண்ணன் காலைவிட்டு இறங்கியது. என் வீட்டுக்காரி வந்து, நான் கண்ணால் காட்ட, விளக்கேற்றினாள். பின்சுவருக்கு அப்பால் ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். கை தட்டினார்கள். கச்சேரி ஆரம்பமானது. இப்போது அது மத்தியானம் கேட்ட மாதிரி இல்லை. இரண்டு பியானோவும் மழை கொட்டுவது போல ஏறிவரும், கூட்டமாக எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள், சட்டென்று எல்லாம் அடங்கி ஒரு பியானோ மட்டும் தனியாக நிற்கும். அந்த இடங்களில் என் தறி ஹாலுக்குள் கேட்டிருக்கும். அங்கே உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரர், சீமைக்காரர் இரண்டு தடவை ஜன்னல் பக்கம் திரும்பினதாகச் சொன்னார். குச்சியை மட்டும் நிறுத்தவில்லையாம்.

அப்படி ஒரு அடங்கின நேரத்தில்தான் அண்ணியின் தம்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். என் காதருகே குனிந்து சொன்னான். பொண்ணு பிழைத்துக்கொண்டாள். ஆண் குழந்தை. தங்கவில்லை.

தீட்டு வந்துவிட்டது. அந்த நிமிஷமே நான் தறியைவிட்டு இறங்கவேண்டும். இறங்கினால் தறி நிற்கும். தறி நின்றபிறகு நான் எதைச் சொன்னாலும் அண்ணன் நம்பமாட்டார்.

"யாருடா வந்தது?" என்றார் அண்ணன்.

நான் பலகையை அடித்துக்கொண்டே பேசினேன்.

"அண்ணா, பொண்ணு நல்லா இருக்கா. உசுருக்குப் பயமில்ல. தறி ஓடுது, கேட்டுக்கினியா?"

"கேக்குது."

"குழந்தை தங்கலண்ணா. இப்ப தறியை நிறுத்தப்போறேன். அது குழந்தைக்காக. பொண்ணுக்கு இல்ல."

"பொண்ணு இருக்கா?"

"இருக்காண்ணா."

"சரி. நிறுத்து."

நிறுத்தினேன். காலைக் குழியிலிருந்து எடுத்தேன். அண்ணன் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பாயோரத்தை இரண்டு கையிலும் கசக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை அசைக்காமல் கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அந்தப்பக்கம் கச்சேரி முடிந்து வெகுநேரம் கை தட்டினார்கள். அந்த மாதிரி ஒரு மனுஷன் அழுகையை அடக்கினதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஒரு கண் பிழைத்தது. மற்றொன்று வெளிச்சம் மட்டும் காட்டும். அந்த ஒரு கண்ணால் மகளுக்கு அடுத்துப் பிறந்த இரண்டு பேத்திகளையும் பார்த்தார்.

தெருவில் இதைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். தறி நின்ற அதே நேரத்தில்தான் குழந்தை போனது என்கிறார்கள். குழந்தை எந்த நேரம் போனது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சீமைக்காரர் மேளத்தால் வந்த தோஷம் என்கிறார்கள். பாவம், அந்த மனுஷருக்கு எங்கள் வீட்டில் கண்ணைக் கட்டி ஒருவர் கிடப்பது எப்படித் தெரியும்? அம்மனே வந்து தறி நெய்தாள் என்பவர்களும் உண்டு. நெய்தது நான்தான். என் கையை ஓடவைத்தது அவள், அவ்வளவுதான் நான் அறிந்தது.

படிக்கிறவர்கள் உங்கள் வீட்டில் இதைச் சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அந்தக் குழந்தையின் தாய் இன்னும் இருக்கிறாள். கூட்டிச் சொன்ன கதை எதுவும் அவள் காதுக்குப் போகவேண்டாம்.